ஊருக்குக் கையுறை

என் தங்கச்சி மகன் கையில் கொப்புளம் வந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். கதை சின்னதுதான். அது என்னைக் கேட்க வைத்த கேள்வி சின்னதில்லை.

சுண்ணாம்புக்குளத்திலிருந்து விடிகாலையில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிற வேன்களில் எங்க காலனிப் பிள்ளைகள் நிறையப் பேர் போகிறார்கள். எல்லாம் கான்ட்ராக்ட் வேலை. மருமகனும் போனான். இரும்புக் கம்பியின் துருவை எடுக்க அதை ஆசிட் தொட்டியில் முக்கி எடுக்கிற வேலை. சேர்ந்த அன்றைக்கே மஞ்சள் ஹெல்மெட் ஒன்று, துணிக் கையுறை ஒரு ஜோடி, மூக்கில் மாட்ட ஒரு துணி மாஸ்க் கொடுத்து, ஒரு நோட்டில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அதையெல்லாம் கொண்டுவந்து எங்க அம்மாவிடம் காட்டினான்.

எங்க அம்மா ஏரியில் உட்கார்ந்து நகர்ந்து, சேற்றைத் தடவித் தடவி இறால் பிடித்து எங்களை வளர்த்தவள். பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொள்வாள். இரண்டு கையும் தண்ணிக்குள்ளே இருக்கும். கெளுத்தி முள் குத்தும், கிளிஞ்சல் கிழிக்கும். அவள் அந்தக் கையுறையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இத்த மாட்டிக்கினு தடவுனா எறா எங்க கீது, கெளுத்தி எங்க கீதுன்னு கைக்குத் தெரியுமாடா?" அப்புறம் குரல் மாறிச் சொன்னாள்: "எங்க கைக்கு எவன்டா உறை குடுத்தான்? ஒனக்குக் குடுத்துக்கீறான். பத்தரமா போட்டுக்கோ."

மூன்றாவது மாசம் ஆசிட் தெறித்தது. அவன் கையுறை போட்டுத்தான் இருந்தான். துணி ஆசிட்டை உறிஞ்சித் தோலோடு தோலாகப் பிடித்து வைத்துக்கொண்டது. வெறுங்கையாக இருந்தால் உடனே ஓடிப்போய்த் தண்ணியில் கழுவியிருப்பான். கையுறையைக் கழற்றினால் கூலியில் பிடிப்பார்கள் என்ற பயத்தில், கையில் இருக்கிற பாரத்தை இறக்கி வைத்துவிட்டுத்தான் கழற்றினான். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை தோல் வெந்துபோயிருந்தது.

சூப்பர்வைசர் கேட்ட முதல் கேள்வி: "கிளவுஸ் போட்டுக்கினுதானேடா இருந்தே? அப்புறம் எப்படி ஆச்சி?" இரண்டாவதாக அந்த நோட்டை எடுத்தார். 'பாதுகாப்புச் சாதனங்கள் வழங்கப்பட்டன' என்று அச்சடித்த வரிக்குக் கீழே என் மருமகனின் கையெழுத்து. கம்பெனி தன் கடமையைச் செய்துவிட்டது. பேச்சு அங்கேயே முடிந்தது.

அந்த நோட்டைப் பற்றி நான் ரொம்ப நாள் யோசித்தேன். அந்தக் கையுறை என் மருமகனின் கையைக் காப்பாற்றவில்லை. கம்பெனியின் கையைக் காப்பாற்றியது. அப்படியானால் பாதுகாப்புக் கருவி என்று நாம் சொல்வது யாரை யாரிடமிருந்து பாதுகாக்கிறது?

*

முதலில் கருவியைப் பற்றியே கொஞ்சம் பேசலாம். ஏனென்றால் 'சேஃப்டி கொடுத்தோம்' என்ற சொல்லுக்குள்ளேதான் ஏமாற்று ஒளிந்திருக்கிறது.

ஆபத்து ஒரே மாதிரி இல்லை. அதனால் கருவியும் ஒரே மாதிரி இருக்க முடியாது. ஆசிட்டுக்கு முழங்கை வரை வரும் கெட்டியான ரப்பர் அல்லது பிவிசி கையுறை வேண்டும். தகட்டின் கூர் விளிம்பைப் பிடிக்கத் தோல் கையுறை வேண்டும். அதே தோல் கையுறை ஆசிட்டில் உதவாது. சுற்றுகிற லேத்துக்கும் டிரில்லுக்கும் முன்னால் கையுறையே போடக்கூடாது. நூல் ஒன்று மாட்டினால் போதும், கையையே இழுத்துக்கொள்ளும். உலை முன்னால் நிற்பவன் பாலியஸ்டர் சட்டை போட்டிருந்தால் தீப்பொறி பட்டு அது உருகித் தோலில் ஒட்டும். சுட்ட சுண்ணாம்பைக் கையாள்பவருக்குச் சாதாரணக் கண்ணாடி போதாது. முகத்தோடு ஒட்டி மூடுகிற கண்ணாடி வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் விழுந்தால் அந்த நிமிஷமே விடாமல் கழுவத் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருக்க வேண்டும். சுண்ணாம்பைப் பெயரிலேயே வைத்திருக்கிற ஊர்க்காரனுக்கு இதை யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை.

காற்றின் கதை இன்னும் மோசம். துணி மாஸ்க் பெரிய தூசியைக் கொஞ்சம் தடுக்கும். நுண்ணிய தூசிக்கு வடிகட்டும் மாஸ்க் தனியாக இருக்கிறது. ஆனால் அதுவும் வாயுவைத் தடுக்காது. வாயுவுக்கு ஏற்ற மருந்து அடைத்த குப்பி வைத்த முகமூடி வேண்டும். அதுவும் ஒரு வாயுவுக்கு ஆனது இன்னொன்றுக்கு ஆகாது. மூடிய தொட்டிக்குள்ளும் சாக்கடைக் குழிக்குள்ளும் எந்த வடிகட்டி முகமூடியும் உதவாது. காற்றில் சுமார் 21 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலே ஆபத்து என்று கணக்கு. இல்லாத ஆக்சிஜனை முகமூடி எங்கிருந்து கொண்டுவரும்? வெளியிலிருந்து குழாய் வழியாகவோ முதுகில் கட்டிய சிலிண்டரிலிருந்தோ காற்று வர வேண்டும். 'அழுகின முட்டை நாத்தம் வந்தா ஏறி வந்துடு' என்று மேஸ்திரி சொல்லி அனுப்புவார். ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டும்போது மூக்கு மரத்துவிடும். நாத்தம் நின்றுவிட்டது என்று நினைக்கிற நேரத்தில்தான் சாவு பக்கத்தில் நிற்கிறது.

ஆக, தப்பான கருவி என்பது கருவி இல்லாமையைவிட மோசமானது. அது பொய்யான தைரியத்தைக் கொடுத்து ஆளை உள்ளே அனுப்புகிறது. சரியானதைத் தேர்ந்தெடுக்க ஒன்று மட்டும் தெரிந்தால் போதும்: இந்தத் தொட்டியில், இந்த டிரம்மில் என்ன இருக்கிறது? அந்த ஒன்றைத்தான் நம்மிடம் சொல்வதில்லை. "அது இன்னா ஆசிட் சார்?" என்று மருமகன் ஒருநாள் கேட்டிருக்கிறான். "தெரிஞ்சி நீ இன்னா பண்ணப் போற?" என்பது பதில்.

போட்டுக்கொள்கிறவன் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்ந்தெடுக்கிறவன் போட்டுக்கொள்வதில்லை. இந்த இடைவெளியில்தான் கொப்புளம் வருகிறது.

*

'கொடுத்தோம், அவங்க போடறதில்ல' என்பது நாம் எப்போதும் கேட்கிற இன்னொரு பேச்சு. படித்தவர்களும் இதை நம்புகிறார்கள். நம் ஆட்கள் அக்கறை இல்லாதவர்கள், சொன்னால் புரியாதவர்கள் என்ற பழைய தீர்ப்பு புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

ஏன் போடுவதில்லை? உலை முன்னால் மூச்சு முட்டுகிறது. கண்ணாடியில் ஆவி படிந்து பார்வை மறைகிறது. பீஸ் கணக்கில் கூலி கொடுக்கும்போது கையுறை வேகத்தைக் குறைக்கிறது. ஆம்பளை அளவில் செய்த ஷூவைப் போட்டுக்கொண்டு ஸ்கிராப் பொறுக்குகிற பெண் நடக்க முடியாமல் தடுக்கி விழுகிறாள். ஒரு ஷிப்டில் ஒருவன் வேர்வையில் ஊறப்போட்ட ஹெல்மெட்டை அடுத்த ஷிப்டில் இன்னொருவன் தலையில் கவிழ்க்கச் சொல்கிறார்கள். குடிக்கத் தண்ணி வைக்காத இடத்தில் உடம்பை மூடச் சொன்னால் எவன் மூடுவான்?

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 111ஆவது பிரிவு, கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே பயன்படுத்தாத தொழிலாளிக்குச் சிறைத் தண்டனை வரை வைத்திருந்தது. அதே சட்டத்தின் 114ஆவது பிரிவு, முதலாளி செய்து தர வேண்டிய வசதிக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது என்றது. போபாலில் 1984 டிசம்பரில் விஷவாயு ஊரைத் தின்ற பிறகு, 1987இல், வேலையிடத்து ஆபத்துகளைப் பற்றிய விவரங்களைக் கேட்டுப் பெறுகிற உரிமையைத் தொழிலாளிக்குச் சேர்த்தார்கள். இதில் 111 மட்டும் எல்லா மேஸ்திரிக்கும் மனப்பாடம். கிழிந்த கையுறைக்குக் கூலியில் பிடித்தபோது 114ஐ யாரும் ஞாபகப்படுத்தவில்லை. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. மின்சாரத்தில் ஓடுகிற பட்டறையில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்தது இப்போது 20 பேர் என்று ஆகியிருக்கிறது. நம் பிள்ளைகள் நுழைகிற சின்னச் சின்னப் பட்டறைகள் பலவும் அந்த எண்ணிக்கைக்குக் கீழேதான் இருக்கின்றன.

*

இன்னும் ஆழமான ஒரு தந்திரத்தையும் பார்க்க வேண்டும். 2013இல் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. பல வருசப் போராட்டத்தின் பலன் அது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் விளக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. மத்திய அரசு அறிவிக்கிற கருவிகளையும் பாதுகாப்பு உடைகளையும் வைத்து மலம் அகற்றுகிறவரைக் 'கையால் மலம் அள்ளுபவர்' என்று கருத முடியாது என்பது அதன் பொருள். சாக்கடைக்குள் இறங்குவதும் அப்படியே. பாதுகாப்புக் கருவி கொடுக்காமல் இறக்கினால்தான் அது தடைசெய்யப்பட்ட 'அபாயகரமான துப்புரவு'.

யோசித்துப் பாருங்கள். அதே குழி. அதே மலம். அதே சாதிக்காரன். கையில் உறையை மாட்டியதும் சட்டத்தின் கண்ணுக்கு அவன் வேறு ஆள். உறை அவன் கையை மூடியதோ இல்லையோ, அவன் பெயரை மூடிவிட்டது. ஒரு கொடுமையை ஒழிப்பதும் அந்தக் கொடுமைக்குக் கையுறை மாட்டுவதும் ஒன்றாகிவிடுமா? இல்லாமல் போக வேண்டிய ஒரு வேலைக்கு நல்ல கருவி கொடுப்பது அறமா, அல்லது அந்த வேலையை நிரந்தரமாக்குவதா?

2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் செத்தவர்களின் குடும்பங்களுக்குப் பத்து லட்ச ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபர் 20 அன்று அது முப்பது லட்சமானது. தொகை ஏறுவதற்குக் காரணம் சாவு நிற்கவில்லை என்பதுதான்.

*

நம்ம ஊர்களுக்குக் கையுறை புதுசில்லை. ஊர் எப்போதும் கையுறை போட்டுத்தான் வாழ்ந்தது. செத்த மாட்டை ஊரின் எந்தக் கை தொட்டது? பிணம் வெந்து முடிகிறவரை சுடுகாட்டில் யார் நின்றது? மலத்தை, சீழை, சாவை ஊர் தன் கையால் தொட்டதே இல்லை. இடையில் ஒரு உறையை வைத்துக்கொண்டது. அந்த உறைதான் நாம்.

வேலை முடிந்த கையுறையை யாரும் வீட்டுக்குள் கொண்டுபோய் வைப்பதில்லை. வெளியே, கொட்டாய் ஓரத்தில் போட்டு வைப்பார்கள். சேரி ஊருக்கு வெளியே இருப்பதற்குச் சாத்திரம் என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லட்டும். எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். அழுக்கைத் தொட வைத்தவன் சுத்தமானவன் ஆனான். தொட்ட கை அழுக்கானது. தீட்டு என்பது வியாதிக்குப் பயந்த அறிவு என்று இன்றைக்கும் சிலர் சமாதானம் சொல்கிறார்கள். வியாதிக்குப் பயந்த அறிவு என்றால் முதலில் தொடுகிறவனின் கையைக் கழுவத் தண்ணி கொடுத்திருக்கும். கிணற்றை மூடியிருக்காது.

சாதி வேலையை மட்டும் பங்கு போடவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே கூறுபோட்டு ஒருவர்மேல் ஒருவராக அடுக்கியது என்று 1936இலேயே அம்பேத்கர் விளக்கினார். அந்த அடுக்கில் கீழே போகப் போகக் கூலி குறைகிறது என்பதை எல்லாரும் பார்க்கிறார்கள். ஆபத்து கூடுகிறது என்பதைப் பார்ப்பதில்லை. அவர் 1942 முதல் 1946 வரை வைசிராய் சபையில் தொழிலாளர் துறையைக் கவனித்தார். தொழிற்சாலை வேலைநேரம் வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைந்தது அந்த 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். அதையும் நான் பாதுகாப்புக் கருவி என்றே சொல்வேன். பன்னிரண்டு மணி நேரம் நின்ற கை எந்தக் கையுறைக்குள் இருந்தாலும் தடுமாறும்.

*

கையுறையாக ஆகிற விதி நமக்கு மட்டும்தானா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் கலந்து, கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் வந்தது. அந்தக் கால்வாய்தான் வடக்கே எங்க ஏரிவரைக்கும் வருகிறது. எண்ணூர் மீனவர்கள் படகில் உட்கார்ந்து அந்தக் கறுப்பு எண்ணெயை வெறுங்கையில் மக்கை வைத்து, பக்கெட்டை வைத்து அள்ளியதைப் பத்திரிகையில் பார்த்தோம். அதே மாசம் 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பம் பக்கம் கடலுக்குள் போகிற குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அமோனியா தண்ணீரில் கரையும், ஈரத்துணியை மூக்கில் பொத்திக்கொண்டு ஓடினால் கொஞ்சமாவது தாங்கலாம். இந்த ஒரு வரியைக் குழாய் போட்ட அன்றைக்கே கரையில் இருக்கிற வீடுதோறும் சொல்லி வைத்திருக்க வேண்டாமா? அதற்குக் காசுகூட ஆகாது.

அன்று எண்ணெய் அள்ளியவர்கள் பெரும்பாலும் தலித்துகள் இல்லை. எங்க ஏரியில் பாடு முறை வைத்து, வலை போடுகிற முறையில் எங்களுக்குப் பங்கில்லை என்று நிறுத்தியவர்களின் உறவுக்காரர்கள். இதைச் சொல்ல எனக்குச் சந்தோசம் இல்லை. ஒன்று மட்டும் புரிந்தது. கையுறை என்ற அச்சைச் சாதி செய்து வைத்தது. கம்பெனி அந்த அச்சை எடுத்துக்கொண்டது. அதில் யாரை வேண்டுமானாலும் ஊற்றலாம். அன்றைக்கு அவர்களையும் ஊற்றினார்கள். பாடு என்ற சொல்லுக்கு முறை என்றும் அர்த்தம், துன்பம் என்றும் அர்த்தம். முறையில் பங்கு தராதவர்களும் நாங்களும் துன்பத்தில் ஒரே தண்ணியில் நிற்கிறோம் என்பதை இரண்டு பக்கமும் யோசிக்க வேண்டும்.

*

'அப்போ கையுறையைத் தூக்கிப் போட்டுடலாமா?' என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். அது இன்னொரு முட்டாள்தனம்.

நம்மிடமும் ஒரு நோய் இருக்கிறது. 'ஆம்பளைக்கி இன்னாடா கிளவுஸ்?' என்று சிரிக்கிறோம். காய்த்துப்போன கையைக் காட்டிப் பெருமைப்படுகிறோம். குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் ஒரு குவார்ட்டர் போட்டுக்கொள்வதைத்தான் நம்ம ஆட்கள் பாதுகாப்புக் கருவியாக வைத்திருந்தார்கள். அது நாத்தத்தை மறைக்கும், வாயுவை மறைக்காது. தாங்கிக்கொள்வதே நம் குணம் என்று நம்மை நம்ப வைத்தவன் யார்? எங்க அம்மாவின் வெறுங்கையைப் பற்றி அழகாக எழுதிவிடலாம். அந்தக் கையில் ஆறாத சேற்றுப்புண் இருந்ததையும், ராத்திரியில் அவள் அனத்தியதையும் சேர்த்து எழுதினால்தான் அது உண்மை. வெறுங்கையைக் கொண்டாடுவதும் ஒரு வகையில் நம்மைக் கையுறையாகவே வைத்திருப்பதுதான்.

தொழிற்பாதுகாப்பு படித்தவர்கள் ஐந்து படி சொல்கிறார்கள். முதல் படி, ஆபத்தையே இல்லாமல் செய்வது. இரண்டாவது, ஆபத்து குறைந்த பொருளை மாற்றி வைப்பது. மூன்றாவது, மனிதன் கிட்டே போகாதபடி இயந்திரமோ தடுப்போ வைப்பது. நான்காவது, வேலை முறையையும் நேரத்தையும் ஒழுங்கு செய்வது. இவ்வளவும் செய்து மிச்சமிருக்கிற ஆபத்துக்குத்தான் ஐந்தாவதாகக் கையுறையும் முகமூடியும். நம் நாட்டில் ஐந்தாவது படியிலேயே தொடங்கி ஐந்தாவது படியிலேயே முடிக்கிறார்கள். ஏனென்றால் மேலே இருக்கிற நாலு படிக்கும் முதலாளியின் காசு செலவாகும். ஐந்தாவதுக்கு நம் உடம்பு செலவாகும்.

பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆவது பிரிவில் ஒரு விசயம் எனக்கு மறக்காது. வாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள், உள்ளே ஆபத்தில்லை என்று தகுதியான ஒருவர் சோதித்து எழுத்தில் சான்று தராதவரை, சுவாசக் கருவி இல்லாமல் யாரும் போகக்கூடாது. இடுப்பில் கட்டிய பெல்ட்டில் ஒரு கயிறு இருக்க வேண்டும். அந்தக் கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்கிற ஒருவர் பிடித்திருக்க வேண்டும். சட்டம் எழுதினவர்கள் நினைத்து எழுதினார்களோ இல்லையோ, முழு அறமும் அந்தக் கயிற்றில் இருக்கிறது. உன் ஆபத்தின் மறுமுனை என் கையில் இருந்தால்தான் நீ எனக்கு மனிதன். சாக்கடைச் சாவுகளில் திரும்பத் திரும்ப என்ன நடக்கிறது? முதலில் இறங்கியவனைத் தூக்க அண்ணனோ தம்பியோ கூட வேலை செய்தவனோ இறங்கி அவனும் சாகிறான். அவனுக்குக் கயிறு இல்லை, தன் உடம்பைத்தான் கயிறாகப் போட்டான். ஊரின் கையில் அந்த முனை ஒருநாளும் இருந்ததில்லை.

ஆகவே போட்டுக்கொள்வோம். ஆனால் கொடுத்ததை அல்ல, கேட்டு வாங்கியதை. உள்ளே என்ன இருக்கிறது, அதற்கு இதுதான் ஏற்ற கருவியா, இந்த வேலையில் ஆள் நுழையத்தான் வேண்டுமா என்று மூன்றையும் கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்வோம். பதில் வராவிட்டால் நோட்டில் கையெழுத்துப் போடாமல் இருப்போம். தனி ஆளாகச் செய்தால் வேலை போகும். அதனால் சேர்ந்து செய்வோம்.

மருமகனின் கை ஆறிவிட்டது. தோல் மட்டும் அந்த இடத்தில் வெளுத்துக் கிடக்கிறது. திரும்ப வேலைக்குப் போனபோது தொட்டியில் வேலை செய்கிற ஒன்பது பேரும் கையெழுத்து போட மாட்டோம் என்று நின்றார்கள். இரண்டு நாள் கூலி போனது. அப்புறம் முழங்கை வரைக்கும் வருகிற கெட்டிக் கையுறை வந்தது. ஒன்றைக் கொண்டுவந்து ஆயாவிடம் காட்டினான். அவள் அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"கனமாதான் கீது. அவனா குடுத்தானா, நீங்க கேட்டு வாங்குனீங்களா?"

"கேட்டுத்தான் ஆயா."

"அப்போ போட்டுக்கோ."

ஒன்பது பேருக்கு ஐந்து ஜோடி வந்திருக்கிறது. மீதி நாலு ஜோடி இன்னும் வரவில்லை.